சாமியார்பேட்டை வீட்டுக்கு வந்த மணல்

விருத்தாசலம்
14-5-2008

அன்புள்ள மகன் ராஜ்மோகனுக்கு அம்மா காசியம்மாள் எழுதுவது. பழமலைநாதர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் துர்காவும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் எழுதுகிறாளே என்று பயப்படாதே, போன் உன் மாமா வீட்டில் இருக்கிறது, இந்தச் சேதியை அங்கே நின்று பேச முடியாது.

சாமியார்பேட்டையில் கடலோரம் நீ கட்டும் வீட்டைப் பற்றித்தான். இன்ஜினியர் கோதண்டபாணி மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். கடலைப் பார்த்துக் கட்டச் சொன்னால் மேற்கேயும் அதே அளவு ஜன்னல் வைக்கிறார், ஆள் உயரத்துக்குத் தூண் எழுப்பி அதன்மேல் வீட்டைத் தூக்குகிறார், சுவரைத் தாண்டி நாலடி கூரையை நீட்டப் போகிறாராம். ஏதோ ஏமாற்று வேலை என்று கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டவே இருந்தேன். எதற்கும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று போன வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் சேத்தியாத்தோப்பு வழியாக பஸ் ஏறிப் போனேன்.

அவர் அங்கேதான் இருந்தார். கேட்டதற்குக் கோபப்படவில்லை. "காத்து உள்ள வந்தா மட்டும் போதாதும்மா, வெளிய போறதுக்கும் வழி வேணும், இல்லன்னா புழுங்கிப் போயிடும்" என்று இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் என்னை நிற்க வைத்தார், முந்தானை நிற்காமல் பறந்தது. கூரையை நீட்டுவது வெயிலும் சாரலும் சுவரில் படாமல் இருக்கத்தானாம். தூண் எதற்கு என்று கேட்க வாய் வரவில்லை, சுனாமியைப் பார்த்தவர்கள்தானே நாம்.

அப்படியும் மனசு ஆறாமல் மணல் குவியலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். செராமிக் கம்பெனியில் இருபது வருஷம் மண் பிசைந்தவளுக்குத் தெரியாதா, உப்புக் கரித்தது. அவரும் வாயில் வைத்துப் பார்த்தார், முகம் சுண்டிவிட்டது. "வெள்ளாத்து மணலுன்னு சொல்லித்தாம்மா எறக்கினாங்க. இதுல கட்டினா கம்பி துருப்புடிச்சு தளமே பேந்துடும்" என்றார். யார் இறக்கியது என்று கேட்டேன். கொத்தனார் பக்கிரி தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க தம்பி லாரிதாங்க" என்றார்.

வந்ததும் உன் மாமா ராஜமாணிக்கத்தைக் கேட்டேன். "கடலோர வூட்டுக்குக் கடல் மண்ணு ஆவாதாக்கா?" என்று சிரிக்கிறான். இன்ஜினியரை நம்பாதே நம்பாதே என்று என் காதில் ஓதியதும் இவன்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் சோறு ஊட்டி வளர்த்தவன்.

அந்த மணலில் எழுந்த கிழக்குச் சுவரை இடிக்கச் சொல்லிவிட்டேன். நல்ல வேளை, தூணுக்கும் மேற்குச் சுவருக்கும் போட்டது ஆற்று மணல்தான். கோதண்டபாணி நல்லவராகத்தான் தெரிகிறார், ஆனாலும் ஒவ்வொரு லோடையும் நான் நாக்கில் வைத்துப் பார்க்காமல் கலவை போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். வீட்டு வேலையைப் பார்க்க மாமா பெயருக்கு நீ கொடுத்த பவர் பத்திரத்தை மறக்காமல் ரத்து செய். காரணம் கேட்டால் அம்மா சொன்னாள் என்றே சொல். அவன் என் வாசல் மிதிக்காமல் போனாலும் போகட்டும், அந்தத் தளத்துக்குக் கீழே தூங்கப் போவது உன் பிள்ளை.

இப்படிக்கு,
உன் அம்மா
ந. காசியம்மாள்