அம்மன் கொடுத்த உத்தரவு

பென்னலூர்
12.9.1991

அன்பு மகள் மதிவதனிக்கு அம்மா கனகம் எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் போன வாரம் கன்று போட்ட லட்சுமியும் சுகம், அதே சுகம் பரங்கிப்பேட்டையில் உனக்கும் இருக்கவேண்டும். கிடேரிக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. சீம்பால் காய்ச்சியபோது உன் நினைப்புதான், ஹாஸ்டலில் என்னத்தைப் போடுகிறார்களோ. அப்பாவுக்குக் கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட், அவர் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன், ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நீ அனுப்பிய பாரம் வந்தது. படகில் கடலுக்குள் போய் வலை போட்டு நுண்ணுயிர்களைப் பிடித்துப் பார்த்தால்தான் பரீட்சை, அதற்குப் பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்று எழுதியிருந்தாய். நீச்சல் கற்றுக்கொண்டதாக நீ எழுதிய வரியை அப்பா இரண்டு தடவை படித்தார். பிறகு, ஏரித் தண்ணியிலயே போவ இருந்தவ, கண்ணுக்கே தெரியாத பூச்சியப் புடிக்க கடலுக்கு இன்னாத்துக்குப் போவணும், படிச்சது போதும், வூட்டுக்கு வரச் சொல்லு என்றார். அவரைக் குறை சொல்லாதே. ஏழு வயதில் செம்பரம்பாக்கம் ஏரியில் நீ விழுந்தபோது குதித்துத் தூக்கியவர் அவர்தான், இன்னமும் தூக்கத்தில் உன் பேரைச் சொல்லிக் கையை வீசுகிறார். நான் பத்து நாள் கெஞ்சினேன், சண்டை போட்டேன், சோறு வேண்டாம் என்றும் படுத்தேன். கடைசியில், பூ கட்டிப் போட்டுப் பாக்கலாம், அம்மன் வுட்டா நானும் வுடறேன் என்று இறங்கிவந்தார்.

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனோம். வெள்ளைப் பூ வந்தால் நீ போகலாம், சிவப்பு வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். நந்தியாவட்டை ஒன்று, செவ்வரளி ஒன்று என்று வாழையிலையில் வைத்து நார் சுற்றி நான்தான் கட்டினேன். பூசாரி நாகப்பன் குலுக்கிப் போட, அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். வெள்ளைப் பூ. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அங்கேயே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நாகப்பன் மற்றதைப் பிரிக்கப் போனார், உத்தரவு வந்தப்புறம் அதையும் பிரிச்சா அம்மனையே சந்தேகப்பட்டா மாதிரி ஆவும் என்று பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன். பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அதைப் பிரிக்காமலே மாட்டுக்குப் போட்டுவிட்டேன். பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது, அதிலும் நந்தியாவட்டைதான். அரளியைக் கிணற்றடியிலேயே கிள்ளி எறிந்துவிட்டேன்.

பொய் சொன்னதற்கு அம்மனுக்கு ஆடியில் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன், அவளும் பெண்தானே. ஆனால் இந்த ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா நிம்மதியாகச் சாப்பிடுகிறார், அவருக்கு அம்மன் சொல்லியிருக்கிறாள். எனக்கு யாரும் சொல்லவில்லையே.

கையெழுத்துப் போட்ட பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். மிதவைச் சட்டையைக் கழற்றாதே, வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம் முகர்ந்து பார். நன்றாகப் படித்து நூறு வயது இரு. இதைப் படித்ததும் கிழித்துப் போடு, பதிலில் மூச்சு விடாதே, உன் கடிதத்தை அப்பாதான் முதலில் பிரிப்பார். கரை ஏறிய அன்றே, வந்துவிட்டேன் என்று ஒரு கார்டு மட்டும் போடு. அதுதான் எனக்கு உத்தரவு.

உன் அம்மா
ந. கனகம்