முதல் கூடை என் வாசலுக்கு

பசியாவரம்,
ஞாயிற்றுக்கிழமை.

என் மகள் ஹேமாவதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் தம்பி ராகுலும் அம்மன் புண்ணியத்தில் நல்லபடியாக இருக்கிறோம். நீ அங்கே நலமா என்று நான் கேட்கப்போவதில்லை, வீடியோவில்தான் பார்த்தேனே, கன்னம் இரண்டும் உப்பி, தலையில் சொட்டு எண்ணெய் இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறாய். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் பக்கத்திலேயே நீ தங்கியிருக்கிற வீட்டு டோரத்தி அம்மா வந்து உட்கார்ந்துகொள்கிறது, கையெடுத்து வணக்கம் போடுகிறது, சிரிக்கிறது, அதை எதிரில் வைத்துக்கொண்டு நான் உன்னை எப்படித் திட்டுவது? அதனால்தான் கொஞ்ச நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா மீன் விற்கப் போயிருக்கிறாள் என்று ராகுலைச் சொல்ல வைத்தேன். நான் எங்கேயும் போகவில்லை. போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எட்டாவதோடு நின்ற கையெழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

அமெரிக்காவில் ஒரு வருஷப் படிப்பு என்று நீ கிளம்பியபோது படிப்பு என்றால் புத்தகம், பரீட்சை என்றுதான் நினைத்தேன். அந்த சமுதாயக் கல்லூரியில் பிள்ளைகளை உட்காரவே விடமாட்டார்கள் போலிருக்கிறதே. ஒரு வாரம் பூசணிக்காயைக் குடைந்து உள்ளே விளக்கு வைக்கிறீர்கள், ஒரு வாரம் மியூசியம், இன்னொரு வாரம் யாரோ பெரிய ஆள் வந்து வேலைக்குப் போகும் இடத்தில் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தருகிறார், அப்புறம் நாடகம், அப்புறம் பனியில் சறுக்குகிறீர்கள். நீ நாலு நல்லது கற்றுக்கொள்வதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எந்த போட்டோவைப் பார்த்தாலும் உன் தோளில் அந்த அம்மாவின் கை இருக்கிறது. உனக்குத் தங்க இடம் கொடுத்திருக்கிறது, வேளைக்குச் சோறு போடுகிறது, நல்ல மனுஷிதான், இல்லை என்று சொல்லவில்லை. போட்டோ எடுக்கும்போது கையை வைக்க வேறு இடமே கிடைக்காதா என்றுதான் கேட்கிறேன்.

பல நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து நடத்திய அந்த விழா வீடியோவை நீ அனுப்பிய அன்று ராகுல் மீஞ்சூர் கம்பெனியில் இருந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து போட்டுக் காட்டினான். என் கெட்ட நேரம், எதிர்வீட்டு மணியம்மாளையும் நானே கூப்பிட்டேன், என் பெண் மேடையில் பேசுவதைப் பார் என்று. நீ நன்றாகப் பேசினாய். நம் ஏரியைப் பற்றிச் சொன்னாய், பாடு என்றால் என்ன, சீட்டுப் போட்டு யாருக்கு எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டும் முறை வருகிறது, முறை வந்தவன் உடம்பு முடியாமல் படுத்துவிட்டால் அவனுக்குப் பதிலாக இன்னொருவன் போகலாம், ஆனால் பிடித்த மீனில் முதல் கூடை முறைக்காரன் வாசலுக்குத்தான் வர வேண்டும் என்றெல்லாம் சொன்னாய் என்று ராகுல் தமிழில் சொல்லச் சொல்ல உன் நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் முந்தானையை எடுத்தேன். அப்போதுதான் அந்த அம்மா ஓரத்தில் இருந்து நடுவே வந்து நிற்கிறது. என் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு. ஆடித் திருவிழாவுக்கு நைனா எடுத்துத் தந்து, ஒரு தரம்கூட உடம்பில் சுற்றாமல், நீ கட்டிக்கொள்வாய் என்று உன் பெட்டியின் அடியில் வைத்தேனே, அதே புடவை. மணியம்மாளுக்குக் கண் கூர்மை. "இன்னாடி பச்சையம்மா, உன் பொடவைய எவளோ கட்டிக்கினு நிக்கிறா"ன்னு சத்தமாகக் கேட்டாள்.

அதோடு விட்டாயா? அடுத்து மீன்குழம்பு. அந்த ஊர் சிவப்பு மீனில், தலையே இல்லாமல், அந்த அம்மா கிண்டுகிறது, நீ பக்கத்தில் நின்று புளியை ஊற்று, போதும் என்று சொல்லிக்கொடுக்கிறாய். என்னிடம் இருந்து நீ கரண்டி வாங்கிய நாளே கிடையாது. குழம்பை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் இங்கிலீஷில் ஏதோ சொன்னாய், எல்லோரும் கை தட்டினார்கள். என்ன சொன்னாள் என்று ராகுலைக் கேட்டேன். ஒன்றும் இல்லை என்றான். சொல்லுடா என்றதும் தலையைக் குனிந்துகொண்டு, "இவங்க எனக்கு ரெண்டாவது அம்மானு சொல்லுதும்மா" என்றான். மணியம்மாள் சிரித்த சிரிப்பு அந்தக் கரைக்குக் கேட்டிருக்கும். உன் நைனாவைக் காட்டி, தேசப்பனுக்கு அமெரிக்காவில் ஒரு குடும்பம் இருப்பது நமக்குத் தெரியாமல் போச்சே என்கிறாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு அவருக்கு ரசம்தான்.

எனக்கு வயிறு எரிந்தது ஹேமா. மறைத்து என்ன ஆகப்போகிறது, பொறாமைதான். நீ பள்ளிக்கூடத்தில் ஆடினபோதும் பாடினபோதும் நான் மீன் கூடையோடு பழவேற்காட்டில் உட்கார்ந்திருந்தேன், ஒன்றையும் பார்த்ததில்லை. இப்போது யாரோ ஒருத்தி முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறாள். இதில் நீ வேறு, படிப்பு முடிகிற விழாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வீட்டு மனுஷர் ஒருவர் மேடை ஏறிக் கழுத்தில் துணிப்பட்டை போட வேண்டுமாம், டோரத்தி அம்மா போடட்டுமா, நீ சரி என்றால்தான் என்று குரல் பதிவு அனுப்பினாய். அதை எத்தனை தரம் கேட்டிருப்பேனோ தெரியாது. முடியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொன்னால் நீ அங்கே தனியாக நிற்பாய் என்று தெரியும், நின்றால் நிற்கட்டும் என்றுகூட நினைத்தேன், பார்த்துக்கொள் உன் அம்மாவின் லட்சணத்தை.

இதற்கு நடுவில் பொன்னேரி சமுதாயக் கல்லூரியில் இருந்து உன் பழைய கம்ப்யூட்டர் டீச்சர் சத்யா கூப்பிட்டார்கள். அங்கேயும் பிள்ளைகளுக்கு விழாவாம், கோலப் போட்டி, பேச்சு, பாட்டு, அதோடு உணவுத் திருவிழா, ஏரிக்கரைச் சமையல் செய்துகாட்ட நீங்கள்தான் வர வேண்டும் என்றார்கள். உனக்குத்தான் மேடையா, எனக்கு இல்லையா என்ற ரோஷத்தில் சரி என்றேன். எறாவை ஐஸில் போட்டு எடுத்துக்கொண்டு படகேறி, பஸ் ஏறிப் போனேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள், பேச ஆரம்பித்தால் நிறுத்த மனசு வரவில்லை. எறா தொக்கு செய்துகாட்டினேன். மோகனப்பிரியா என்று ஒரு பெண், ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விவசாயம் செய்கிற வீட்டுப் பிள்ளை, ஹாஸ்டலில் தங்கித் தையல் படிக்கிறது. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு போகவே இல்லை. எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. உன் வயசு, உன்னை மாதிரியே சாப்பிடும்போது பேசுகிறது. அதன் தோளில் கையைப் போட்டு போட்டோ எடுத்துக்கொண்டேன், உனக்கு அனுப்பி உன் வயிற்றையும் கொஞ்சம் எரிய வைக்கலாம் என்றுதான்.

அந்த நேரம் பார்த்து அதன் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். இந்தப் பெண் போனை என் பக்கம் திருப்பி, "இவங்கதான் எறா தொக்கு செஞ்சு போட்டாங்க, எனக்கு அம்மா மாதிரிம்மா"ன்னு சொல்லிவிட்டது. நான் கையெடுத்து வணக்கம் போட்டேன், சிரித்தேன். அந்த அம்மா வயற்காட்டில் நின்றிருந்தாள், தலையில் துண்டு. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "சந்தோசங்க. ஆனா அவளுக்கு எறா ஒத்துக்காது, குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். நான் பதறிப்போய்ப் பெண்ணைக் கேட்டால் அது சிரிக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகாது, எங்கள் வீட்டில் எப்போதும் சாப்பிடுவோம், அம்மா ஏன் அப்படிச் சொன்னாங்கனு தெரியலை என்கிறது. உனக்குத் தெரியாதுடி, எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது அந்த அம்மாவின் முகம்தான் கண் முன்னால் நின்றது. அவளிடம் இருந்து நான் எதையும் பிடுங்கவில்லை. பசித்த பிள்ளைக்குச் சோறுதான் போட்டேன். அந்த போட்டோவை உனக்கு அனுப்பவில்லை.

அதனால் சொல்கிறேன், டோரத்தி அம்மாவே பட்டை போடட்டும். என் பச்சைப் புடவையையே கட்டட்டும், ஆனால் கொசுவம் அசிங்கமாக இருந்தது, நீ பக்கத்தில் நின்று கட்டிவிடு. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். அது என் முறை. நான் வர முடியாததால் அவள் நிற்கிறாள், அவ்வளவுதான். முதல் கூடை என் வாசலுக்கு வர வேண்டும். மேடையை விட்டு இறங்கியதும் யாரும் உன்னைக் கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் எனக்கு போன் போடு. கேமராவை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பாதே, உன் முகம் மட்டும் தெரிந்தால் போதும். இங்கே எந்த நேரமானாலும் எடுப்பேன், ராகுல் கையில் கொடுக்கமாட்டேன்.

ஈரத்தலையோடு குளிரில் போகாதே. நைனா முட்டிவலிக்குத் தைலம் போடுகிறார், கவலைப்பட ஒன்றும் இல்லை. நீ நீடூழி நன்றாக இரு, படிப்பை முடித்துக்கொண்டு போனபடியே வந்து சேர். உனக்குச் சோறு போடுகிற அந்த அம்மாவும் நன்றாக இருக்கட்டும், மனசாரத்தான் சொல்கிறேன். மறக்காமல் அவளிடம் இதையும் சொல்லிவிடு, அந்தச் சிவப்பு மீன் உனக்கு ஒத்துக்கொள்ளாது. உன் அம்மா சொன்னதாகவே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
தே. பச்சையம்மா