மூன்று மாதம் முடியும்வரை

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய அக்கா,

ஒரு வருடம் பிந்தித்தான் எழுதுகிறேன். முந்தி எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போதும் திட்டத்தான் போகிறேன், கொஞ்சம் பொறு.

நேற்று இங்கே சிட்னியில், கிரவீனில் எங்கள் வீட்டில் உன் ஆண்டுத் திவசம். சாப்பாடு முடிந்ததும் அம்மாவுக்குத் தெரிந்த அங்கிள் ஒருவர் தொடங்கினார். "பிள்ளை, அமெரிக்காவில கோர்ட் பிழை விடேல்ல. கருக்கலைப்பை அந்தந்த மாநிலம் தீர்மானிக்கட்டும் எண்டுதான் சொன்னது. சனம் வோட்டுப் போட்டுத் தெரிவுசெய்த ஆக்கள் கொண்டுவந்த சட்டம்தானே."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"அங்கிள், நீங்கள் மாநிலத்தைப் பற்றிக் கதைக்கிறியள். நான் என்ர அக்காவைப் பற்றிக் கதைக்கிறன்" என்றேன். அவர் வடைத் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார்.

உன் மாநிலத்தில் வந்த அந்தத் தடைச் சட்டத்தைப் பற்றி நீதான் முதலில் எனக்குச் சொன்னாய். ஃபோனில் ஒரே சிரிப்பு. "திங்கள் ஒரு நீதிபதி நிப்பாட்டினார், வெள்ளி மேல்கோர்ட் திருப்பிக் கொண்டுவந்திட்டுது. வெதர் பாக்கிற மாதிரி இஞ்ச சட்டத்தையும் காலமை எழும்பிப் பாக்கோணும்." அன்று உன் வயிற்றில் பிள்ளை இருந்தது. ஏன் சொல்லவில்லை?

பத்தாம் கிழமையில் இரத்தம் போகத் தொடங்கியது. பிள்ளை தங்காது என்று டொக்டருக்குத் தெரியும். ஆனால் அதன் இதயத் துடிப்பு நிற்கவில்லை. தாயின் உயிருக்கு ஆபத்து வந்தால்தான் கருவில் கை வைக்கலாம் என்கிறது சட்டம். எவ்வளவு ஆபத்து என்பது அதில் இல்லை. அதைத்தான் சட்டத்தரணிகள் கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி காத்திருந்தது. உன் இரத்தத்தில் கிருமி ஏறிய பிறகுதான் டொக்டர்களுக்கு அனுமதி கிடைத்தது; அதற்குள் பிந்திவிட்டது. அத்தான் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வசனத்திலும் நின்று நின்று சொன்னார்.

மாநில எல்லை தாண்டி, காரில் மூன்று மணி நேரத்தில் அத்தானின் தங்கச்சி, எங்கள் மச்சாளின் வீடு. அங்கே சட்டம் வேறு. இரத்தம் கண்ட அன்றே அவள் தற்செயலாக உனக்கு ஃபோன் எடுத்திருக்கிறாள். "வயிறு சரியில்லை" என்று சமாளித்தாயாம். மூன்று மாதம் முடியும்வரை சொல்லக் கூடாது, கண்ணூறு படும் என்று அம்மா எங்களை வளர்த்த வளர்ப்பு. நீதிபதிகளை மன்னிக்க மாட்டேன். அந்த வழக்கத்தையும்தான். உன்னை? தெரியவில்லை அக்கா. ஒரு மெசேஜ் போதும், "காரில ஏறு" என்று அவள் கத்தியிருப்பாள்.

இப்போது செய்தி. எனக்கு ஒன்பதாம் கிழமை. நேற்று குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். கதவைச் சாத்தினா. "மூண்டு மாசம் முடியட்டும். அதுவரைக்கும் வாய் திறக்காதை."

"அக்காவும் திறக்கேல்ல அம்மா."

அம்மா கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டா. சொல்லியிருக்கக் கூடாதோ?

என் நாலு வயது மகள் வெளியே நின்று கேட்டுவிட்டுக் கதவைத் தள்ளித் திறந்தாள். "Is it a secret, அம்மா?"

"இல்லை. எல்லாருக்கும் சொல்லு."

கூடத்துக்கு ஓடினாள். முதலில் அந்த அங்கிளிடம்தான் போனாள். அவர் எழுந்து என்னைப் பார்த்தார். அம்மா மெல்ல வந்து, தானே ஃபோனை எடுத்து மச்சாளுக்கு அடித்து, என் செய்தியைச் சொன்னா.

எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் ஒரு துளி இரத்தம் கண்டாலும், நடுச்சாமம் ஆனாலும், வெட்கமில்லாமல் எல்லோரையும் எழுப்புவேன். என் மகளையும் அப்படியே வளர்ப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

ஒன்றையும் ஒளிக்காத,
உன் தங்கச்சி