வட்டத்துக்குள் இரண்டு சம்பந்திகள்

என் சிட்டுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பாவும் நலம், அவருடைய தலைசுற்றல்கூட நின்றுவிட்டது, அது ஏன் வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி, சண்டை போட்டாலும் சின்னதாகப் போட்டுக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் வாயைத் திறந்தாலே சிரிப்பு வந்து பேச்சு நின்றுபோகிறது.

போன தடவை நீ அழுதாயே, இரண்டு அப்பாக்களும் முகம் கொடுத்துப் பேசாதவரை லீவுக்கு வரவே மனசில்லை, எந்த வீட்டில் தங்கினாலும் இன்னொரு வீடு கோபித்துக்கொள்ளும் என்று, அதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சண்டை எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. உன் கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தபோது, ஷோகேஸில் இருக்கிற உன் அப்பாவின் பொம்மை விமான இன்ஜினை, உன்னைவிட வயதில் மூத்ததே, அதைத்தான், கையில் எடுத்து விசிறியை ஒரு விரலால் சுண்டினார். அது வழவழவென்று சுற்றியது. "காத்தே நிக்கலையே சம்பந்தி, ரிங் போச்சு. பேப்பர் பறக்காம இருக்க மேல வச்சுக்கலாம்" என்றுவிட்டார். உன் அப்பா அப்போதைக்குச் சிரித்துவைத்தார், பிறகு யாரிடமோ, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு மேலே போகவும் கீழே வரவும்தான் தெரியும், பறப்பதைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்ல, அது அவர் காதுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான், அன்றைக்கு மூடின வாய்தான் இரண்டு பேருக்கும்.

நீ அழுத மறுநாள் உன் அப்பா இன்ஜினைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பினார். பிஸ்டனைச் சுற்றி ஒரு பள்ளம், அதில் நகத்தைவிட மெல்லிசாக, ஒரு இடத்தில் வெட்டுவிட்ட இரும்பு வளையம், அதுதான் ரிங்காம், காற்று கசியாமல் பார்த்துக்கொள்வது அதுதானாம். பழைய ஆமணக்கெண்ணெய் பிசினாகி அது பள்ளத்தோடு ஒட்டிக்கிடந்தது. வாழ்நாளெல்லாம் துணி வெட்டின கை, நடுங்காது என்று பெருமை பேசிக்கொண்டே நெம்பினார், டிக் என்று இரண்டாகிவிட்டது. அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் மாடிக்குப் போய் உன் மாமியாருக்குப் போன் போட்டேன். அவர், அட, எங்க வீட்டுக்காரரும் இளவயசில் இந்தப் பைத்தியம்தான், இதே மாதிரி ரிங் ஒரு டப்பாவில் இருக்கிறது என்று சொல்லி, சாயங்காலமே பஞ்சில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் கொடுத்ததா, எனக்கு வேண்டாம் என்றார் உன் அப்பா. நாங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம்தான் கூத்து. ரிங் சிலிண்டருக்குள் போகவில்லை, இறுக்கம். இருந்தது அந்த ஒன்றுதான், உடைந்தால் வேறு கிடையாது. அவரே போன் செய்து கேட்பாரா, மாட்டார். நான் இங்கே போனைப் பிடிக்க, உன் மாமியார் அங்கே பிடிக்க, இரண்டு பேர் பக்கத்திலும் ஒரு ஆம்பளை நின்று கிசுகிசுக்க, இப்படி வாய் மாறி வாய் மாறிப் போனது சேதி. ரிங்கின் முனை இரண்டையும் அரத்தால் கொஞ்சம் ராவ வேண்டும், சிலிண்டருக்குள் அதைத் தனியாக விட்டால் நடுவில் ஒரு தாள் போகிற அளவு இடம் இருக்க வேண்டும் என்று சம்பந்தி சொல்லியிருக்கிறார். என் காதில் விழுந்தது ஒரு ஆள் போகிற அளவு. நான் அப்படியே சொன்னேன். "இத்தனூண்டு இன்ஜின்ல ஆள் எங்க போறது, அவரு வந்து படுத்துக்கப் போறாரா?" என்று உன் அப்பா கத்த, அது போனிலேயே அங்கே கேட்டுவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பிறகு சம்பந்தி சிரிக்கிற சத்தம் கேட்டதடி, அடிவயிற்றிலிருந்து. அப்போதும் இருவரும் நேராகப் பேசவில்லை, ஆனால் அடுத்தடுத்த சேதியெல்லாம் சிரிப்போடுதான் வந்தது. தகரத்தில் மெல்லிசாகப் பட்டை வெட்டி பிஸ்டனைச் சுற்றி நிறுத்தி, அதன்மேல் ரிங்கை வழுக்கிக்கொண்டே பள்ளத்தில் இறக்கச் சொன்னார். அது உட்கார்ந்த அழகை நானே பார்த்தேன். எல்லாவற்றையும் பூட்டி விசிறியைச் சுண்டினால், உள்ளே காற்று நின்று பொசுக்கென்று விரலை எதிர்த்துத் தள்ளியது. உன் அப்பா என்னைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினார், இந்த வயதில்!

ஞாயிற்றுக்கிழமை, பரணில் கிடந்த பழைய விமானத்தில் இன்ஜினைப் பூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். இந்த விமானத்துக்கு ரிமோட் கிடையாது, இறக்கையிலிருந்து இரண்டு கம்பி வந்து கைப்பிடியில் சேரும், அது வட்டமடிக்க நடுவில் நிற்கிறவரும் கூடவே சுற்ற வேண்டும், எரிபொருள் தீரும்வரை அது நிற்கவும் நிற்காது. உன் அப்பாவோ சந்தோஷத்தில் டேங்க்கை விளிம்புவரை நிரப்பிவைத்திருந்தார். உன் மாமியார் இழுத்துவந்த சம்பந்தி கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். நான் வாலைப் பிடித்திருந்து விட்டேன், கீச்சென்று கத்திக்கொண்டு கிளம்பியது பார், அடேயப்பா! முதலில் ராஜா மாதிரி சுற்றினார் உன் அப்பா. போகப் போகத் தலை சுற்றிக் கால் பின்னியது, முகம் வெளுத்தது, விமானம் ஒரு தடவை புல்லை உரசிவிட்டு எழும்பியது. "சம்பந்தி, விட்டுடாதீங்க, வந்துட்டேன்!" என்று கத்தியபடி கம்பிக்குக் கீழே குனிந்து ஓடினார் உன் மாமனார். ஒரு கையால் உன் அப்பாவின் இடுப்பை வளைத்துக்கொண்டு, மறு கையைக் கைப்பிடியில் இருந்த உன் அப்பாவின் கைமேல் வைத்து, இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள், "எறக்குங்க, எறக்குங்க" என்று ஒருவர், "நீங்க காலை மிதிக்காதீங்க" என்று இன்னொருவர். நானும் உன் மாமியாரும் சிரிப்பு தாங்காமல் புல்லில் உட்கார்ந்துவிட்டோம். கடைசியில் இன்ஜின் நின்று விமானம் பூப்போல இறங்கியது, இவர்கள் இரண்டு பேரும் தொப்பென்று மல்லாந்தார்கள். அப்படியே வானத்தைப் பார்த்துக்கொண்டு சம்பந்தி, "ரிங்கை நல்லா போட்டிருக்கீங்க சம்பந்தி" என்றார். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணெய்ப் புகை என்றார்.

இனி அழாமல் டிக்கெட் போடு கண்ணே. குளிருக்குக் காதை மூடிக்கொள், ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே. நீங்கள் இரண்டு பேரும் என்றைக்கும் சிரித்த முகமாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் நாலு பேர் ஆசீர்வாதமும். ஒன்று மட்டும் மறக்காமல் மாப்பிள்ளையிடம் சொல்லிவை, வந்த முதல் ஞாயிறே அவரை அந்த வட்டத்துக்குள் நிறுத்துவதாக இரண்டு அப்பாக்களும் முடிவு செய்துவிட்டார்கள், அன்றைக்குக் காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் சிரித்து முடிக்காத
உன் அம்மா