கடையை மூடப் போகிறேன்

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது, எழுதினால் கோபம் வந்த வரியை அடித்துவிடலாம் என்று நீ சொன்னது சரிதான். இந்தப் பக்கத்திலேயே ஒரு வரியை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே.

மாப்பிள்ளைக்குச் சர்க்கரை குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒண்டிக்கட்டைக்கு என்ன வரப்போகிறது, யார் கேட்கப்போகிறார்கள்.

சலவைக்கடை ஓடுகிறது. ஓடுகிறது என்றால் மெஷின்கள் ஓடுகின்றன. மனிதர்கள் விஷயம் வேறு. காலையில் நான் உள்ளே கால் வைத்ததும் யாரோ ரேடியோவை அணைத்ததுபோல் பேச்சு நின்றுவிடுகிறது. நான் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் மறுபடி ஆரம்பிக்கிறது. வாயசைவு தெரிகிறது, சத்தம் கேட்பதில்லை.

நீ கடையில் இருந்தபோது யாருக்கு லீவு வேண்டும், யார் சீக்கிரம் போக வேண்டும் என்பதையெல்லாம் மடிக்கிற மேஜையைச் சுற்றி நின்று அவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள். முதலாளி என்று ஒருவன் இருப்பது ஒப்புக்கு. நீ போன பிறகு அதை மாற்றினேன். லீவு வேண்டுமா, என்னிடம் நேரில் வந்து கேள். இவ்வளவுதான் சட்டம். நிர்வாகம் படித்தவன் நான், இதில் என்ன தவறு என்று எந்தப் பேராசிரியரும் சொல்லட்டும். விளைவு என்ன தெரியுமா? யாரும் லீவே கேட்பதில்லை.

போன வாரம் உன் அருமை மடிப்பக்கா காய்ச்சலோடு நின்று ஹோட்டல் பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. "வீட்டுக்குப் போங்கம்மா" என்றேன்.

"பரவால்ல சார்."

"நான்தான் லீவு தர்றேன்னு சொல்றேன்ல?"

"நான் கேக்கலையே சார்."

உன்னை 'அக்கா' என்றார்கள். பதினாறு வருடமாக என்னை 'சார்' என்கிறார்கள். சம்பளத்தை ஒரு நாள் தாமதித்ததில்லை நான். இதை எங்கே போய்ச் சொல்ல?

உன் அண்ணன்

*

மார்ச் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். 'எல்லாம் உன்னால்தான்' வரை தெரிகிறது. அதற்குப் பிறகு பேனாவை நன்றாக அழுத்தியிருக்கிறாய்.

இவருக்குச் சர்க்கரை குறையவில்லை, நாக்குதான் நீண்டிருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் என்னை ஜெயிலர் என்கிறார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாற்பது பேரை மேய்த்துவிட்டு வந்து வீட்டில் ஒருவரை மேய்ப்பது பெரும்பாடு.

அண்ணா, ஒன்று சொல்கிறேன், கிழித்துப் போடாமல் படி. அவர்கள் உன்னைக் கண்டு பயப்படவில்லை. உன்னிடம் கேட்காமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று முடிவுசெய்துவிட்டார்கள். அதுதான் பயத்தைவிட மோசம். காலையில் கண்ணாடி அறைக்குப் போகும் முன் மேஜைப் பக்கம் ஒரு நிமிடம் நில். ஒன்றும் கேட்காதே, நீ கேட்டால் விசாரணைக் கமிஷன் மாதிரி இருக்கும். சும்மா நில்.

எல்லார் எதிரிலும் வருகைப் பதிவில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாயே, அன்றைக்கு எனக்கும், இனி உன்னிடம் ஒன்றும் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தது. நம் அப்பா ஆரம்பித்த கடை, அதில் நான் கூலிக்கு வந்தவள்போல் வரிசையில் நின்றேன். அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்காதே. நினைக்காமல் இருக்கிறேன், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை

*

மார்ச் 28

அன்புள்ள தங்கச்சிக்கு,

மேஜைப் பக்கம் நின்றேன். இரண்டு நாள் நின்றேன். மூன்றாம் நாள் மெஷின்காரர் கேட்டார்: "ஏதாவது தொலஞ்சு போச்சா சார்?" உன் யோசனையின் லட்சணம் இது.

அதனால் என் வழியில் ஒன்று செய்தேன். நேற்று மாலை வேலை முடிகிற நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டு, மே மாதக் கடைசியோடு கடையை மூடப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பதறாதே. பொய்தான். எந்தக் கண்ணில் தண்ணீர் வருகிறது, யார் வந்து 'மூடாதீங்க சார்' என்று சொல்கிறார்கள் என்று பார்க்க நினைத்தேன். அப்படி ஒருவர் சொன்னால் அதை வைத்துக்கொண்டு மனம்விட்டுப் பேசலாம், பழசையெல்லாம் சரிசெய்துகொள்ளலாம் என்றும் ஒரு கணக்கு இருந்தது.

டிரைவர், "சரி சார்" என்றார். சாயங்காலம் வண்டிக்கு டீசல் போடச் சொன்னால் சொல்வாரே, அதே 'சரி சார்'. மெஷின்காரர் தரையைப் பார்த்தார். மடிப்பக்கா, "ஹோட்டல்காரங்களுக்கு முன்னாடியே சொல்லிடணும் சார், திடீர்னு விட்டா திண்டாடிப் போயிருவாங்க" என்றாள். பிறகு எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஹோட்டல்காரன் திண்டாடுவான். நான்?

உன் அண்ணன்

*

ஏப்ரல் 4

அண்ணா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. என்ன காரியம் செய்திருக்கிறாய்?

நீ அவர்களுக்குப் பரீட்சை வைத்ததாக நினைக்கிறாய். அவர்கள் வீட்டில் அன்று ராத்திரி என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாயா? வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எந்தக் கடையில் ஆள் எடுக்கிறார்கள், இந்த வயதில் யார் வேலை தருவார்கள், இதைத்தான். வேலை போகப்போகிறவன் முதலாளியைக் கட்டிப்பிடித்து அழுவான் என்று உனக்கு எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்?

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை போய்ச் சொல். "கடையை மூடலை, நான் சொன்னது பொய்." கூட ஒரு விளக்கமும் வேண்டாம். திட்டுவார்கள். திட்டட்டும். திட்டுகிற அளவுக்காவது உன்னோடு பேசுவார்கள்.

உன் தங்கை

*

ஏப்ரல் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் சேர்ந்த அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்குக் காரணம் கோபமில்லை. இங்கே ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அவர்கள் என்னோடு பேசுகிறார்கள்.

மூடுவதாகச் சொன்ன இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் மடிப்பக்கா கண்ணாடிக் கதவைத் தட்டி டீ கொண்டுவந்து வைத்தாள். நான் கேட்கவில்லை. மறுநாள், "இங்க தனியா எதுக்கு சார், அங்க வந்து குடிங்க" என்றாள். போனேன். மெஷின்காரர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவருக்குக் கதை சொல்ல வரும் என்று உனக்குத் தெரியுமா? ஹோட்டல் துணியில் ஒருமுறை பல்செட் வந்ததாம். யாருடையது என்று கண்டுபிடிக்க ஹோட்டல் வரவேற்பறையில் நின்று, வருகிற போகிற எல்லாரையும் பார்த்துச் சிரித்தாராம். "எல்லாரும் பதிலுக்குச் சிரிச்சாங்க சார், ஒரு அம்மா மட்டும் வாயத் தொறக்கல!" இது நடந்தது என் கடையில். எனக்கு யாரும் சொன்னதில்லை.

டிரைவர் தன் மனைவி வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்ததைச் சொன்னார். இரண்டு பெண்கள் இருக்கிறார்களே, ரோலரில் இஸ்திரி போடுகிறவர்கள், அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிறார்கள். நான் வந்தாலும் நிறுத்துவதில்லை. போன செவ்வாய்க்கிழமை மெஷின்காரர், "நாளைக்கு வரமாட்டேன் சார், மச்சினிச்சி பொண்ணுக்கு நிச்சயம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். லீவு கேட்டது மாதிரி இல்லை, வீட்டு மனிதரிடம் சொல்வது மாதிரி இருந்தது.

நீ சொல்லச் சொன்னதைச் சொல்லத்தான் வேண்டும். நிதானமாகச் சொல்கிறேன். முதலில் யாராவது ஒருவர் 'ஏன் சார் மூடுறீங்க' என்று கேட்கட்டும். அந்த ஒரு மரியாதை எனக்குக் கிடைக்கக்கூடாதா?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

மடிப்பக்கா எனக்குப் போன் செய்தாள். உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. தனக்கும் மெஷின்காரருக்கும் இங்கே வேலை கிடைக்குமா என்று கேட்டாள். டிரைவர் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் பேசி வைத்திருக்கிறாராம். அந்தப் பெண்கள் துணிக்கடைக்குப் போகிறார்களாம்.

கடைசியில் தயங்கித் தயங்கி, "சாருக்கு உடம்புக்கு ஏதாவது பெருசா இருக்கா அக்கா?" என்றாள். உனக்கு ஏதோ வியாதி, அதைச் சொல்லாமல் கடையை மூடுகிறாய் என்று அவர்களுக்குள் பேச்சு. அதனால்தான் யாரும் காரணம் கேட்கவில்லை. கேட்டு உன்னை நோகடிக்கக்கூடாதாம். "பாவம் அக்கா, இப்பத்தான் மனுசர் முகத்துல சிரிப்பப் பாக்குறோம், போற நேரத்துல" என்று சொல்லி அழுதாள். நீ பார்க்க ஆசைப்பட்ட கண்ணீர் அதுதான் அண்ணா. போனில் எனக்குக் கேட்டது.

உன் பொய்யை நான் உடைக்கவில்லை. உடைக்க வேண்டியவன் நீ.

இங்கே இரண்டு இடம் காலியாக இருக்கிறது. மே பத்தாம் தேதிவரை யாரையும் போடாமல் வைத்திருப்பேன். அதற்குள் நீ சொல்லிவிட்டால் அவர்கள் அங்கேயே இருப்பார்கள், கடை பிழைக்கும், எனக்குச் சந்தோஷம். சொல்லாவிட்டால் இருவரையும் நான் எடுத்துக்கொள்வேன். நீ என் அண்ணன் என்பதற்காக அவர்களைத் தெருவில் விடமாட்டேன்.

அப்படியே கடையை மூடித்தான் தீர வேண்டுமென்றால் நீயும் இங்கே வந்துவிடு. மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. ஜெயிலர் கையால் சாப்பிட இன்னொரு ஆள் வேண்டுமென்று இவரும் சொல்கிறார்.

உன் தங்கை

*

மே 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று அவர்களிடம் சொல்லத்தான் போனேன். நீ கொடுத்த கெடு நேற்றுத்தான். மறக்கவில்லை.

நான் போனபோது மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. எல்லாரும் மேஜையைச் சுற்றி இருந்தார்கள். மடிப்பக்கா ஒரு பெரிய பெட்ஷீட்டின் இரண்டு முனையை என் கையில் கொடுத்து, "சும்மாத்தானே நிக்கிறீங்க, புடிங்க சார்" என்றாள். பிடித்தேன். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும், மறுபடி பின்னால் போக வேண்டும். "கோணலா புடிக்கிறீங்க" என்று திட்டினாள். "முதலாளிகளுக்கு நேரா புடிக்க வராது" என்றார் டிரைவர். என்னிடம் வாழ்நாளில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. வேறு ஒரு நாளாக இருந்தால் அவர் சீட்டைக் கிழித்து அனுப்பியிருப்பேன். சிரித்தேன்.

பெட்ஷீட்டை அடுக்கிவிட்டு, "ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

பாட்டு நின்றது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தங்கச்சி, அந்த முகங்கள் எனக்கு நன்றாகத் தெரிந்த முகங்கள். ஒரு நொடியில் பழையபடி ஆகிவிட்டன. மெஷின்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்துகூட விட்டார். 'சொன்னது பொய்' என்று நான் சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று முழுதாகத் தெரிந்தது. கடை இருக்கும். ஆட்களும் இருப்பார்கள், வேறு போக்கிடம் இல்லாதவரைக்கும். நான் கண்ணாடிக்குள் இருப்பேன். அவர்களுக்குச் சம்பளம் போதும், என்னைப் பற்றிய உண்மை ஒன்றும் கூடுதலாக வேண்டாம்.

"ஒண்ணுமில்ல, டீ நல்லா இருந்துச்சு" என்றேன்.

"டீக்கா சார் இவ்வளவு பீடிகை!" என்றார் மெஷின்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

இருவரையும் நீ எடுத்துக்கொள். மெஷின்காரருக்கு இடது காது மந்தம், அதைச் சொல்லமாட்டார், வலது பக்கம் நின்று பேசு. மருந்து வாசனை கலந்த சோப்புத்தூளுக்கு அவருக்குத் தும்மல் வரும், முகக்கவசம் கொடு. மடிப்பக்கா பாராட்டினால் சந்தேகப்படுவாள், எனவே பாராட்டாதே. யாராவது வேலையை அரைகுறையாகச் செய்தால் அவளே ராத்திரி இருந்து திரும்பச் செய்வாள், அனுமதிக்காதே. கண்ணாடிக்குள்ளிருந்து நான் ஒன்றையும் பார்க்கவில்லை என்றுதானே நீங்கள் எல்லாரும் நினைத்தீர்கள்?

இன்னும் எனக்கு ஆறவில்லை. நோய் என்று நினைத்தார்களே, நோயாளியிடம்கூட 'மூடாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லவில்லை.

உன் அண்ணன்

*

ஜூன் 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. அவர்கள் வேலையில் நன்றாகப் பொருந்திவிட்டதில் மகிழ்ச்சி. மெஷின்காரர் பல்செட் கதையை அங்கேயும் சொல்லிச் சிரிக்க வைக்கிறார் என்று எழுதியிருந்தாய். கதையில் அந்த அம்மாவுக்கு இப்போது மீசைக்காரக் கணவன் ஒருவன் முளைத்திருக்கிறான் போல. என்னிடம் சொன்னபோது அவன் இல்லை.

மே மாதக் கடைசியில் எல்லாரும் சேர்ந்து எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். மடிப்பக்கா, "உடம்பப் பாத்துக்கங்க சார்" என்று சொல்லி என் கையைப் பிடித்தாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

என்னை அங்கே வரச்சொல்லி மறுபடி எழுதியிருக்கிறாய். மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டதாகவும். என்னால் வர முடியாது. நான் எப்படி இருக்கிறேன் என்று அவர்கள் தினமும் உன்னைக் கேட்கிறார்கள் என்கிறாய். நேரில் வந்தால் என்னையே கேட்பார்கள். ஆரோக்கியமாக, கல்லுக்குண்டு மாதிரி அவர்கள் முன்னால் போய் நிற்கவா? நீயும் இனி எனக்காக அவர்களிடம் நாக்கைக் கடித்துக்கொண்டு பேச வேண்டாம். கொஞ்ச நாள் எனக்கு எழுதாமல் இரு. விசாரித்தால், 'அண்ணனிடமிருந்து கடிதமில்லை' என்று நீ உண்மையே சொல்லலாம்.

உனக்கு மட்டும் ஒன்று. கடையை நான் மூடவில்லை.

ஹோட்டல் வேலை போய்விட்டது. முடி திருத்தும் கடைத் துண்டுகளும், ஒரு பல் மருத்துவர் வீட்டுத் தலையணை உறைகளும் வருகின்றன. சின்ன மெஷின் ஒன்றை மட்டும் ஓட்டுகிறேன். துவைப்பது, உலர்த்துவது, இஸ்திரி எல்லாம் நானே. பெரிய பெட்ஷீட் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சத்தமில்லாத வேலை.

அவர்களுக்கு லீவு கிடைத்து ஊருக்கு வந்தால் பஸ் இந்தத் தெரு வழியாகத்தான் போகும். டிரைவரும் அந்தப் பெண்களும்கூட எப்போதாவது இந்தப் பக்கம் வரலாம். அதனால் ஷட்டரை இடுப்பளவுக்குமேல் ஏற்றுவதில்லை. பஸ்ஸிலிருந்து பார்த்தால் மூடிய கடை. துணி கொண்டுவருகிறவர்கள் குனிந்து உள்ளே நீட்டுகிறார்கள், நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். அவர்கள் முகம் எனக்குத் தெரிவதில்லை. கை மட்டும் தெரிகிறது.

உன் அண்ணன்