பாதியில் திரும்பும் சத்தம்

அண்ணாச்சி,

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் சைட்டில் அஸ்திவாரத்துக்கு இறக்கிய பைல் தூணின் தலையைக் கிரைண்டர் போட்டுத் தேய்த்தார்கள். கான்கிரீட் தூள் வாசம் மூக்கில் ஏறியதும், "வந்தாச்சா, குத்தம் கண்டுபிடிக்க?" என்று நீங்கள் கேட்பீர்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். போன ஆடிப்பூரத்துக்கு மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர் நீங்கள். என் காதுக்கு அது இன்னும் உறைக்கவில்லை.

நீங்கள் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர், நான் சோதிக்க வருகிறவள். ராஜபாளையம் பாலத்து வேலையில் தொடங்கிய சண்டை அதற்குப் பிறகு எந்த சைட்டிலும் ஓயவில்லை. மண்ணுக்குள் இறக்கிய அந்தக் கான்கிரீட் தூணைச் சுத்தியலால் தட்டினால் சத்தம் அடிவரை போய்த் திரும்ப வேண்டும். பாதியிலேயே திரும்பினால் உள்ளே கோளாறு. அப்படி ஒரு கோடு என் மிஷினில் விழுந்தால் போதும், வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள். தலையைச் சரியாக உடைக்கவில்லை, சென்சார் ஒட்டவில்லை, சுத்தியல் ஆகாது... தளவாய்புரத்துக்காரர் உங்களுக்கு வாய் ஓயவே ஓயாது. அந்த எரிச்சலில் எத்தனை நாள் சாப்பிடாமல் சேத்தூர் பஸ் ஏறியிருக்கிறேன்.

நீங்கள் சொன்னதே சரியாகிப்போன பைலும் உண்டு. மேலே பொலபொலவென்றிருந்த கான்கிரீட்டை இன்னும் ஒரு முழம் உடைத்ததும் சத்தம் ஒழுங்காக அடிக்குப் போய் வந்தது. இன்னொன்றில் எம்புட்டு உடைத்தும் பாதியில்தான் திரும்பியது. அன்றைக்கு நீங்களே முதலாளிக்குப் போன் போட்டீர்கள்.

"பைல் போச்சு மொதலாளி. பக்கத்துல ரெண்டு போடணும்."

அவர் வைததை முழுக்கக் கேட்டுவிட்டு எனக்கும் சேர்த்து டீ சொன்னீர்கள்.

இப்போது உங்கள் இடத்தில் வந்திருப்பவர் தங்கமான மனுஷர். இன்று சத்தம் பாதியில் திரும்பியது. "நீங்க சொன்னாச் சரிதான் மேடம்" என்று ஒதுங்கிக்கொண்டார். எழும்பப்போவது பிரசவ ஆஸ்பத்திரி. கோளாறான பைலை நல்லது என்றாலும் தப்பு, நல்ல பைலைத் தள்ளினாலும் தப்பு. தலையை இன்னும் உடைக்கச் சொன்னேன். சென்சாரைப் பெயர்த்து மறுபடி ஒட்டினேன். வேறு சுத்தியல் எடுத்துத் தட்டினேன். உங்கள் கேள்வியையெல்லாம் நானே கேட்டு, நானே பதில் சொல்லி, செத்த நேரம் வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அலுத்துப்போச்சு அண்ணாச்சி. கோடு மாறவில்லை.

பைல் ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளிகூட மறுபேச்சுப் பேசவில்லை.

நீங்கள் அம்புட்டுக் குடைந்த பிறகு போட்ட கையெழுத்து ஒன்றுக்குக்கூட நான் தூக்கம் கெட்டதில்லை. இன்றைக்குத் தூக்கம் வராது.