அவரவர் பூட்டு

செப்டம்பர் 2, செவ்வாய்

கேன்டீனில் அல்லேலூயா அக்கா தன் சாப்பாட்டில் பாதியை என் தட்டில் தள்ளினார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. எதற்கு? நேற்று ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார், நான் முடியாது என்றேன். அடுத்த வாரம் மறுபடி கேட்பதற்கு இப்போதே அடி போடுகிறார். சாப்பிட்டுவிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

வாய்க்கு வாய் அல்லேலூயா சொல்வதால் அக்காவுக்கு அந்தப் பேர். எதையும் சந்தேகப்படுவதால் பிரெட் பிரிவில் எனக்கு சி.ஐ.டி. என்று பேர். சொல்லிவிட்டுப் போகட்டும். ஏமாளி என்று பேர் வாங்குவதற்கு இது மேல்.

மத்தியானம் பாதுகாப்பு அதிகாரி மறுபடியும் பூட்டுப் பாடம் நடத்தினார். மாவு பிசையும் மெஷினைச் சுத்தம் செய்யப் போகிறவள் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் அட்டையை மாட்ட வேண்டும். அவளே வந்து கழற்றும்வரை வேறு யாரும் தொடக் கூடாது. அவரவர் பூட்டு அவரவருக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

நான்தான் கழற்றினேன்.

அக்காவுடைய பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆளைக் காணோம். டீ குடிக்கப் போயிருப்பார், பூட்டை எடுக்க மறந்திருப்பார் என்று நினைத்தேன். வண்டியில் லோடு ஏற்ற நேரமாகிறது என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். அவர் மேஜை டிராயரில் மாற்றுச் சாவி இருப்பது எல்லோருக்கும் தெரியும். எடுத்தேன், திறந்தேன், சுவிட்சைப் போட்டேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கையை உள்ளே விட்டுக் காய்ந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா நான். பாவி, ஒரே ஒரு குரல்.

இடது கை. இரண்டு விரல்.

மெஷினை நிறுத்திவிட்டு அவரிடம் ஓடினேன். அப்போது அவர் பூட்டு என் கையில் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். பார்த்தது எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 6, சனி

சொல்லிவிடத்தான் ஆபீசுக்குப் போனேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாதுகாப்பு அதிகாரி, "உங்க மேல ஒண்ணுமில்லம்மா. பூட்டை அவங்களே கழட்டிட்டாங்களாம். நீங்க மெஷினைப் போட வரும்போது, ஒரு இடம் விட்டுப்போச்சுன்னு மறுபடி கையை விட்டிருக்காங்க. எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாங்க" என்றார்.

தலையை ஆட்டினேன். ஆட்டிய தலை என்னுடையதுதான்.

வீட்டில் இவரிடம் மட்டும் சொன்னேன். "கடவுளாப் பார்த்துக் காப்பாத்தியிருக்காரு. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றார். கடவுள் காப்பாற்றியது என்னை என்றால், அக்கா விஷயத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்?

அக்கா ஏன் அப்படி எழுதிக் கொடுத்தார்? சும்மா யாராவது செய்வார்களா?

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டுதான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். உறக்கமா, நடிப்பா? கால் மணி நேரம் நின்றேன். திறந்தார். "தண்ணி கொடு" என்றார். கொடுத்தேன். மறுபடி மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான். பிடி கையில் இருக்கிறவர்கள்தான் இப்படி அவசரப்படாமல் இருப்பார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

அக்காவுக்கு என்னதான் வேண்டும்? என்னைத் தன் ஜெபச் சபைக்குள் இழுக்கவா? முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்கவா? இல்லை, அவர் மகளுக்கு என் இடத்தில் வேலை வேண்டுமா?

செப்டம்பர் 14, ஞாயிறு

மாமியார் தொல்லை தாங்காமல் கோயிலுக்குப் போனேன். மேசியாவின் பாடுகள்தான் இன்றைக்குப் பிரசங்கம். குற்றமில்லாதவர் மற்றவர்களுடைய குற்றத்தைச் சுமந்தார், அடித்தபோதும் துப்பியபோதும் பேசாமல் இருந்தார், அவர் பட்ட காயத்தால் நமக்குச் சுகம். சிறு வயதிலிருந்து கேட்டுக் காது புளித்த பேச்சு. இன்றைக்குத்தான் சுருக்கென்றது.

யார் அவரைக் கேட்டது? எனக்குப் பதிலாக நீ அடி வாங்கு என்று நான் போய் நின்றேனா? கேட்காமலே கொடுத்துவிட்டு, ஆயுசுக்கும் நன்றியோடு இரு என்றால் இது என்ன அன்பு? தண்டனை எனக்கே வந்திருந்தால் பட்டுத் தொலைத்திருப்பேன், முடிந்திருக்கும். சுமந்தவர் மூன்றாம் நாள் எழுந்து போய்விட்டார். தப்பித்தவள் எங்கே எழுந்து போவாள்?

பக்கத்தில் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

செப்டம்பர் 20, சனி

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மகள் கதவைத் திறந்தாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. இவளுக்குத் தெரியும்போலிருக்கிறது.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டி" என்றார் அக்கா.

வந்ததா? பதினைந்து நாளாய் இதைத்தானே எதிர்பார்த்தேன். உட்கார்ந்தேன்.

"தலை பின்னி விடுறியா? ஒத்தைக் கையால முடியல. இவ பின்னினா மண்டையே கழண்டு வர்ற மாதிரி இழுக்கறா."

பின்னினேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் கேட்க முடிந்தது. "ஏன்க்கா அப்படி எழுதிக் கொடுத்தீங்க?"

"நீ பூட்டும் கையுமா நின்ன பாரு, மூச்சே இல்லாம. எனக்கு விரல்தான் போச்சு, இவ மொத்தமாப் போயிடுவா போலிருக்கேன்னு தோணுச்சு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"இயேசு மாதிரின்னு நினைப்பா?"

"ச்சீ. அவர் வாயே திறக்கல. நான் நாலு நாளா உன்னை என்னென்ன வார்த்தையில திட்டினேன்னு அந்த ஆஸ்பத்திரி நர்ஸைக் கேளு." தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார். "ஒண்ணு மட்டும் இப்பப் புரியுது. அவரும் ஆசைப்பட்டுப் போகல. தோட்டத்துல குப்புற விழுந்து, இது எனக்கு வேண்டாமே, எடுத்துடுங்களேன்னு கெஞ்சினாரு. வேர்த்துக் கொட்டக் கொட்டக் கெஞ்சினாரு. கெஞ்சிட்டுத்தான் போனாரு. ராத்திரி வலி வந்தா நானும் கெஞ்சறேன்."

"இப்பக்கூட மாத்திச் சொல்லலாமேக்கா."

"சொல்லலாம்தான். அதை ஏன் என்கிட்டச் சொல்ற?"

பொடி வைத்துப் பேசினாரா, சாதாரணமாகத்தான் சொன்னாரா? வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். பின்னலை நேராகப் போட்டேனா என்பதுகூட ஞாபகமில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். 'சொந்தக் கவனக்குறைவு' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். விபத்தை நேரில் பார்த்தவள் நான், அதனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இனிமேல் பூட்டுப் பாடத்தை நானே எடுக்க வேண்டுமாம். நான் சொன்னால் மனதில் பதியுமாம். என்னைச் சோதிக்கிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே பாராட்டுகிறார்.

அக்டோபர் 8, புதன்

முதல் வகுப்பு. ஏழு பேர். எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து வாசித்தேன். ஒரு தொழிலாளி தன் பூட்டைத் தானே கழற்றிவிட்டு, மறுபடி மெஷினுக்குள் கையை விட்டார்.

முன்னால் உட்கார்ந்திருந்த பெண், "அவங்களுக்கு அறிவே இல்லையா மேடம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

சாப்பிடவில்லை. இவர் என்ன என்று கேட்டார், பல்வலி என்றேன். சிரிச்சேனே. அந்த மனுஷி விரல் இல்லாம உட்கார்ந்திருக்கு, நான் இங்க நின்னு பல்லைக் காட்டியிருக்கேனே.

அக்டோபர் 9, வியாழன்

இரண்டாவது குழு. தாளை மடித்து வைத்தேன். "பூட்டைக் கழட்டினது நான்" என்றேன். முழுவதையும் சொன்னேன். கடைசி வரிசைக்குப் பின்னால் பாதுகாப்பு அதிகாரி நின்றிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

வேலை போய்ப் பத்து நாள் ஆகிறது. இனி மெஷின் இருக்கிற எந்த இடத்திலும் என்னை எடுக்க மாட்டார்களாம். இவர் இன்னும் சரியாகப் பேசவில்லை. மாமியார்தான், ஆச்சரியம், ஒன்றும் கேட்காமல் காபி போட்டுக் கொடுக்கிறார்.

அக்காவைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாக்கெட் பிரிவில், உட்கார்ந்து செய்கிற வேலை. சாயந்திரம் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

"அறிவு கெட்டவளே. நானும் விரலை விட்டு, நீயும் வேலையை விட்டா, நடுவுல யாருடி பொழைச்சது?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

"என் பொண்ணு வந்து மிரட்டினாளா?"

"இல்லக்கா."

"போதகர் ஏதாவது சொன்னாரா? உன் வீட்டுக்காரரு?"

"யாரும் சொல்லல."

"அப்ப எதுக்குச் சொன்ன?"

"சும்மாதான்க்கா."

அக்கா நம்பவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்வரை, கண்ணைச் சுருக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.